பெரட்டுக் குரல்

தீய்ந்த வாசனை முதலில் சுமலதாவின் மூக்குக்குத்தான் எட்டியது. கல்லில் கிடந்த ரொட்டிதான் கருகுகிறதென்று ஓடிப்போய்த் திருப்பினாள். ரொட்டி வெள்ளையாகவே இருந்தது.

பலகைக் கட்டிலில் அவள் புருஷன் ராஜரத்தினம் குப்புறப் படுத்திருந்தான். மாமியார் கருப்பம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, மகனின் இடுப்புக்குக் கீழே ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்தவள், வாசலில் யாரோ கூப்பிட, முடிச்சை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தாள். துணியின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

சுமலதா பாய்ந்து போய் முடிச்சை எடுத்தாள். அதோடு தோலும் வந்தது.

ராஜரத்தினம் தலையைக்கூடத் திருப்பவில்லை. "என்னடி, எடுத்துட்ட? இன்னும் சூடே ஏறலைன்னு சொல்லு அம்மாகிட்ட" என்றான்.

சுமலதா கையிலிருந்த துணியைப் பார்த்தாள். பிறகு, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து நின்ற அந்த இடத்தைப் பார்த்தாள். வெளியே ஆடி மாதத்து மழை தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் குளிரெடுத்தது மழையினால் அல்ல.

சேரம்பாடிக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷன் லயத்தில் ஒரே வரிசையாக மொத்தம் பத்துக் காம்பரா. ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான் ஒரு காம்பரா. கடைசிக் காம்பரா ராஜரத்தினத்துடையது. அதுவும் அவன் பெயர் எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் இருக்கும்வரைதான். சுமலதா தற்காலிகம். கொழுந்து அதிகமாக இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் இல்லை. பத்து வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சிலோனிலிருந்து ராமேஸ்வரத்தில் வந்து இறங்கியவன் ராஜரத்தினம். பதினெட்டு வயதில் கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். வளர்ந்து நிற்கும் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுகிற வேலை அது. நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். டிவிஷனில் அவன் வெட்டுக்கு ஈடு கிடையாது.

ஆனால் தேயிலைக்கே இப்போது மதிப்பில்லை. விலை விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. இத்தலார் பக்கம் சொந்தத் தோட்டக்காரர்களே கொழுந்தைப் பறிக்காமல் முற்ற விட்டுவிட்டார்கள் என்று பஸ் கண்டக்டர் சொல்லிக்கொண்டு போனார். எஸ்டேட் ஆபீஸ் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கவ்வாத்துக்கு இனி உடம்பு நன்றாக இருக்கிற ஆட்கள் மட்டும்தான். வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் தொரையே நேரில் நின்று பெயர் எடுப்பார். அன்று வராதவர் பெயர் செக்ரோலில் இராது. அதற்கு என்ன அர்த்தமென்று லயத்தில் குழந்தைக்கும் தெரியும். பெயர் போனால் மூன்று மாதத்தில் காம்பரா போகும்.

காலை ஏழு மணிக்கு ஆட்களை வரிசையாக நிறுத்தி, மேஸ்திரி பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதை மற்றவர்கள் மஸ்டர் என்பார்கள். சிலோன்காரர்களுக்கு அது இன்றைக்கும் பெரட்டுதான். பெரட்டில் நிற்கிற எவனும் முடியாதென்று சொன்னதில்லை. காய்ச்சலா? விட்டுடுச்சுங்க. கால் வீக்கமா? வடிஞ்சுடுச்சுங்க. ராஜரத்தினத்துக்கு அதற்கென்றே ஒரு குரல் இருந்தது. நெஞ்சைத் தள்ளி, தொண்டையைக் கொஞ்சம் உயர்த்தி, "இருக்கேனுங்க!" என்பான். அந்தச் சத்தம் லயம் வரை கேட்கும். அடுப்படியிலிருந்தே சுமலதா சிரித்துக்கொள்வாள். வீட்டில் அவன் ஒரு நாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மழை கொஞ்சம் விட்டிருந்தது. விறகு பொறுக்க இரண்டு பேரும் கற்பூரத்தைலமரக் காட்டுக்குப் போனார்கள். அவன் முன்னால் நடந்தான். இடது கால் செருப்பின் முனை மட்டும் தேய்ந்து வாய் பிளந்திருப்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்னது?"

"அங்க மரத்துப் போயி எத்தனை நாளாச்சுன்னு கேக்குறேன்."

அவன் ஒரு காய்ந்த கிளையை மிதித்து ஒடித்தான். ஒடிந்த பிறகும் மிதித்துக்கொண்டிருந்தான்.

"சித்திரையில விழுந்தேன்ல, பன்னெண்டாம் நம்பர் காட்டுல. வழுக்கி, தண்ணி போற கான் கரைக் கல்லு மேல பொத்துன்னு ஒக்காந்தேன்."

"மறுநாளே சரியாயிருச்சுன்னீங்க."

"வலி சரியாயிருச்சு. அப்புறம்தான் இது. சைக்கிள் சீட்டுல ஒக்காந்தா எங்கெங்க படுமோ, அங்க முழுக்க வேற எவனோட தோலையோ ஒட்ட வச்ச மாதிரி இருக்கு."

சுமலதாவுக்குப் போன மாதம் நினைவு வந்தது. தொடை இடுக்கில் அட்டை கடித்து அவன் கால்சட்டையெல்லாம் ரத்தம். அட்டை கடித்த இடம் யாருக்கும் நாலு நாளைக்கு அரிக்கும். அவன் ஒருதரம்கூடச் சொறியவில்லை.

"நாலு மாசமா சுவத்தப் பார்த்துத் திரும்பிப் படுக்கறீங்களே, அதுவும் இதனாலயா?"

அவன் ஒடித்த கிளையை எடுத்து விறகோடு சேர்த்தான்.

"நான் என்ன தப்பு செஞ்சேனோன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். கொழுந்து எடுக்கறப்ப அந்தப் பேச்சி சொல்றா, 'ஒம் புருஷன் பந்தலூருல எவளையோ புடிச்சிருக்கான், கேட்டுப் பாருடி'ன்னு."

ராஜரத்தினம் சிரித்துவிட்டான். "பந்தலூருக்குப் பஸ்சுக்கே வழியக் காணோம்."

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. கீழே குனிந்து விறகைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"எந்திரிக்க மாட்டேங்குது சுமா. எனக்கு நெனப்பு இல்லாம இல்ல. மனசு கேக்குது, உடம்பு கேக்கல. செத்த பாம்பாட்டம் கெடக்கு. ஒன்னுக்குப் போறதுக்கே கால் மணி நேரம் நிக்கறேன். இதை எவன்கிட்ட சொல்றது? மேஸ்திரி சுப்பண்ணன்கிட்டயா?"

"டாக்டர்கிட்ட."

"முதுகு வலின்னு வேணா சொல்லலாம். வெந்ததை, மத்ததை ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. இந்து மேல சத்தியம் பண்ணு."

இந்து அவர்களுடைய ஏழு வயது மகள். சுமலதா தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.

வெந்த இடத்துக்குச் சோற்றுக் கற்றாழை தடவும்போது கருப்பம்மா தானாகவே பேசினாள்.

"சிலோன்ல எங்க தோட்டத்துல பழனியாண்டின்னு ஒருத்தன் இருந்தான். ஒங்க மாமாவுக்குக் கூட்டாளி. அவனுக்கும் மொதல்ல இப்பிடித்தான் குண்டி மரத்துச்சு. அடுத்த மழைக்குள்ள ரெண்டு காலும் விளங்காமப் போயி, பெரட்டுக்குச் சாக்குல வச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. பேர் கூப்புட்டா, சாக்குக்குள்ளருந்து 'இருக்கேன் தொரை'ங்கறான்! ஏலாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க. சொல்லலியே."

"அப்புறம் என்ன ஆனாரு?"

கருப்பம்மா கற்றாழை மடலைத் தூர எறிந்தாள். "பேரை வெட்டினாங்க" என்றாள்.

திங்கட்கிழமை சுமலதாவே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பவுண்டர் ஆறுக்குட்டி கோயம்புத்தூர்க்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஏனுங்க ரத்தினம், முதுகு வலிங்கறீங்க, காலை இழுத்துட்டு வர்றீங்க. எனக்கென்னமோ இது மாத்திரையில தீர்ற சமாசாரமாத் தெரியலீங்க. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர்றேன். நரம்பு டாக்டர் நஞ்சப்பனைப் பாருங்க. அடுத்த திங்கக்கிழமை பெரட்டுக்குள்ள வந்துரலாம்."

லெட்டரின் கீழே எஸ்டேட் முத்திரையை ஓங்கிக் குத்தினார். குத்திவிட்டு, வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்: "ரிசல்ட்டை வாங்கியாந்து ஆபீஸ்ல குடுத்துருங்க. லீவுக்குக் காட்டோணுமில்ல."

ராஜரத்தினம் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கட்டி எடுத்துக்கொண்டு, புதன்கிழமை விடியற்காலைப் பஸ்ஸில் ஏறினார்கள். கூடலூர், ஊட்டி, குன்னூர் என்று இறங்கி ஏறி, மேட்டுப்பாளையம் வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் பஸ் நின்றபோது அவன் இறங்கி மறைவாகப் போனான். இரண்டு தடவையும் ஹாரன் அடித்து, "ஏனுங்க, காவேரியவே தொறந்து விட்டுட்டீங்களா?" என்று கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் வந்தான். பஸ் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் ஏறினான். வேட்டி மட்டும் நனைந்திருந்தது.

வியாழக்கிழமை முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நஞ்சப்பன் ஊசியால் அங்கங்கே குத்தி, "தெரியுதுங்களா?" என்றார். "தெரியுதுங்க" என்றான். வெந்த புண்ணைப் பார்த்துக் கேட்டதற்கு, "அடுப்புல சாஞ்சுட்டேனுங்க, உசுரே போயிருச்சு வலியில" என்றான். சுமலதா தரையைப் பார்த்துக்கொண்டாள்.

"முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க்கு பிதுங்கியிருக்கு. படத்துல தெரியுது" என்றார் டாக்டர். "ஆனா நரம்பு எவ்வளவு வேலை செய்யுதுன்னு படம் சொல்லாது. ஆம்பளை சமாசாரத்துக்கும், ஒன்னுக்கு ரெண்டுக்குப் போறதுக்கும் ஒரே கட்டு நரம்புதான். அதுல கரண்டு ஓடுதா இல்லையான்னு நாளைக்கு டெஸ்ட் எடுப்போம். லேசான கரண்டுதான், பயப்படாதீங்க."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டெஸ்ட் எடுக்கிற பையனின் பெயர் பாலகுமார். வாய் ஓயாமல் பேசுகிறவன்.

"அண்ணா, கூச்சப்படாதீங்க. எனக்கு இதே பொழப்புங்ணா. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் இதைத்தான் பார்க்கறேன். எங்கூட்டுல கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

சுமலதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஒரு திரைதான். விசிறிக் காற்றில் அது விலகும்போதெல்லாம் உள்ளே தெரிந்தது. தலையில் இரண்டு ஒயர் ஒட்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு துணியைப் போர்த்தி, அதற்குள்ளிருந்து வேறு ஒயர்கள் பெட்டிக்குப் போயின. அங்கே மோதிரம்போல ஏதோ மாட்டியிருப்பதாகப் பாலகுமார் சொன்னது காதில் விழுந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லோணும். சரிங்களா?"

"சரிங்க."

ஒரு சின்ன 'டிக்' சத்தம்.

"தெரியுதுங்க!"

சுமலதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். நெஞ்சைத் தள்ளி, தொண்டையை உயர்த்திய குரல்.

'டிக்.'

"தெரியுதுங்க!"

"அட, இவ்வளவு கம்மியிலயேவா? எனக்கே இது தெரியாதுங்ணா. நல்ல உடம்பு!"

திரை விலகியது. ராஜரத்தினம் மல்லாந்து கிடந்தான். அவன் கண் கூரையில் இல்லை, பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டில் இருந்தது. பெட்டியில் கரண்டு போகும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கியது. தட்டில் அது அப்படியே தெரிந்தது. விளக்கு மினுங்கும், அவன் வாய் திறக்கும். அவனைப் பொறுத்தவரை அது ஆஸ்பத்திரி இல்லை. முத்திரை குத்திய காகிதம் கேட்கிற இடம், அவ்வளவுதான். அங்கே எதைச் சொன்னால் பேர் நிற்குமோ, அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

எழுந்து உள்ளே போகலாமா என்று நினைத்தாள். இந்துவின் முகம் குறுக்கே வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பாலகுமார் எதுவும் கேட்கவில்லை. "இனிமே நீங்க ஒன்னும் சொல்ல வேண்டாங்ணா. மிஷினே பார்த்துக்கும்" என்றான். 'டிக் டிக் டிக்' என்று விடாமல் ஓடியது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பாலகுமாரின் பேச்சு குறைந்தது. ஒயரைப் பிடுங்கித் திரும்ப ஒட்டினான். மறுபடி ஓட்டினான். பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினான். பிறகு, ஒயரை எடுத்துத் தன் கையிலேயே வைத்துப் பொத்தானை அமுக்கி, "யப்பா!" என்று துள்ளினான்.

மிஷினில் கோளாறு இல்லை.

பாலகுமார் நீளமான காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனான். அவன் முகத்தைப் பார்த்த சுமலதாவுக்குச் சாக்குக்குள்ளிருந்து பேசிய பழனியாண்டிதான் நினைவுக்கு வந்தான்.

டாக்டர் நஞ்சப்பன் இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்தார். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மலை மாதிரி ஏறி இறங்க வேண்டிய கோடு, வெட்டிப் போட்ட கயிறாகப் படுத்துக் கிடந்தது.

"நீங்க எல்லாம் தெரியுதுன்னு சொல்லியிருக்கீங்க. இங்க மூளைக்கு ஒன்னுமே வந்து சேரலை. ரெண்டுல ஒன்னு பொய். மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க."

"தெரிஞ்சுதுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நெசமாத் தெரிஞ்சுதுன்னா, இதை மறுபடி எடுத்துப் பார்த்து, மாத்திரை குடுத்து அனுப்பிடலாம். தெரியலைன்னா நாளைக்குக் காலையில ஆபரேஷன். நரம்பு இப்ப அமுங்கிக் கிடக்குது. எடுத்து விட்டா திரும்பலாம். விழுந்து நாலு மாசம்னா திரும்பாமயும் போகலாம், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இப்பிடியே விட்டா, அடுத்தது ஒன்னுக்கு தானாப் போகும். அதுக்கடுத்தது காலு."

"மாத்திரையே போதுமுங்க. திங்கக்கிழமை பெரட்டு இருக்குதுங்க."

டாக்டர் சுமலதாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

மேசைக்கு அடியில் ராஜரத்தினத்தின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. வலித்தது. வலித்ததே, அதுதான் அவளைப் பேச வைத்தது.

"அடுப்புல சாயலீங்க" என்றாள். "உப்பு ஒத்தடத்துல தோலு வெந்து கையோட வந்துச்சு. இவருக்குத் தெரியவே இல்ல. நாலு மாசமா எங்களுக்குள்ள ஒன்னும் இல்லீங்க. இவருக்கு ஆசை இல்லாம இல்ல. உடம்பு கேக்கல. பஸ்சுல வேட்டி நனைஞ்சது, அதுவும் தெரியாது. உள்ள விளக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் தெரியுதுன்னு சொன்னாரு."

ராஜரத்தினம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"இந்து மேல சத்தியம் பண்ணினியேடி!"

"தலையைத்தான் ஆட்டினேன்."

"அந்தக் காகிதம் ஆபீசுக்குப் போகும். சுப்பண்ணன் பெரட்டுல வச்சு வாசிப்பான், ராஜரத்தினத்துக்கு அது எந்திரிக்காதுன்னு. லயமே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பேச்சி சிரிச்சா அவ பல்லை நான் பார்த்துக்கறேன்."

"காம்பரா போகும்டி! அம்மாவை எங்க கொண்டுபோயி வைப்ப? இந்துவை எங்க வைப்ப?"

"காலு ரெண்டும் போனா மட்டும் காம்பரா இருக்குமா? சாக்குலயா ஒங்களைத் தூக்கிட்டுப் போயி நிறுத்தறது?"

அவன் பெஞ்சிலிருந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். சுமலதா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போங்க. நான் வரலை" என்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்குக் கீழே ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சாய்வுப் பாதை. உச்சி வெயிலில் சிமெண்டில் கானல் பறந்தது. மலையில் பிறந்த கால்களுக்கு அந்தச் சூட்டைத் தாங்கிப் பழக்கமில்லை. நேற்று மத்தியானம் செருப்பில்லாமல் தண்ணீர் பிடிக்கப் போய் அவளே துள்ளிக் குதித்து ஓடி வந்திருந்தாள்.

ராஜரத்தினம் அந்தச் சாய்வில் இறங்கினான். பாதியில் இடது கால் செருப்பு கழன்று பின்னால் தங்கியது. முனை தேய்ந்து வாய் பிளந்த அதே செருப்பு.

அவன் நடந்துகொண்டே இருந்தான்.

கூப்பிட வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள். மெல்ல எழுந்து போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டாள். எண்ண ஆரம்பித்தாள். ஐந்து அடி. பத்து அடி. வெறுங்கால் கொதிக்கிற சிமெண்டில் விழுந்து விழுந்து எழுந்தது. எப்போதும் இழுக்கிற இழுப்பைத் தவிர ஒரு நொண்டல் இல்லை, ஒரு துள்ளல் இல்லை. இருபது. முப்பது. முப்பத்தெட்டாவது அடியில் கேட் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவல்காரர்தான் கேட்டார். "ஏனுங்க தம்பி, இந்த வெயில்ல ஒத்தச் செருப்போட எங்கீங்க போறீங்க?"

ராஜரத்தினம் குனிந்து பார்த்தான்.

வெகுநேரம் பார்த்தான். பிறகு, அங்கேயே தரையில் உட்கார்ந்து, இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, அடிப்பாதத்தைத் திருப்பினான். சிவந்திருந்தது. நடுவில் ஒரு சோடா மூடி பதிந்து, ஓரமெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. அதைக் கையால் பிடுங்கினான். முகம் மாறவில்லை.

சுமலதா பக்கத்தில் வந்து நின்றாள். செருப்பைக் கொடுக்கவில்லை.

"சுடுதா?" என்றாள்.

அவன் உதடு அசைந்தது. நெஞ்சு ஒருமுறை பழக்கத்தில் நிமிரப் பார்த்தது. பிறகு அடங்கிவிட்டது.

"தெரியல சுமா" என்றான்.

மூன்று மணிக்குப் பாலகுமார் மறுபடி ஒயர்களை ஒட்டினான். எந்த மட்டத்தில் உணர்ச்சி நின்றிருக்கிறதென்று தெரிந்தால்தான் நாளைக்கு முதுகைத் திறக்கும்போது வழி தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை எவர்சில்வர் தட்டை அகற்றினான். சிவப்பு விளக்கின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினான். தமாஷ் எதுவும் பண்ணவில்லை.

சுமலதா அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு சுப்பண்ணன் பெயர் கூப்பிடுவார். யாரும் பதில் சொல்லமாட்டார்கள். ஒருதரம் நிறுத்தி, மறுபடி கூப்பிடுவார். அதற்குமேல் என்ன நடக்குமென்று அவள் யோசிக்கவில்லை. காது முழுக்கத் திரைக்குப் பின்னால் இருந்தது.

'டிக்.'

"தெரியுதுங்களாண்ணா?"

"இல்லீங்க."

'டிக்.' கொஞ்சம் உரக்க.

"இப்ப?"

"தெரியலீங்க."

'டிக்.'

"தெரியல."

சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏழு. எட்டு. ஒன்பது. அடித்தொண்டையிலிருந்து, அவளுக்கு மட்டுமே தெரிந்த வீட்டுக் குரலில், அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். கையிலிருந்த ஒற்றைச் செருப்பை அவள் இன்னும் கீழே வைக்கவில்லை.